பழைய பெட்டியில் பெயர் தெரியாத பொருள்: அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

பரணைச் சுத்தம் செய்யும்போது, தகரப் பெட்டியின் அடியிலோ பூஜை அலமாரியின் பின்பக்கமோ பாட்டியின் சுருக்குப் பையிலோ இப்படி ஒன்று கிடைக்கும். கொட்டையா, கல்லா, எலும்பா என்றே தெரியாது. வீட்டில் விவரம் தெரிந்தவர்கள் இப்போது இல்லை. தூக்கி எறியவும் மனசு வராது.

நம் வீடுகளில் இயற்கைப் பொருள்களை எடுத்து வைத்ததற்குக் காரணங்கள் கொஞ்சம்தான்: மருந்து, காப்பு, பூஜை, விளையாட்டு, பொன் நிறுக்கும் எடை. மருந்துக்காக வாங்கி வைத்தவற்றில் பல, சுத்தி செய்து பக்குவப்படுத்தாத நிலையில் விஷம். அதனால் எந்த அறிகுறிக்குப் போகும் முன்பும் மூன்றைத் தவிர்த்துவிடுங்கள். நாக்கில் வைக்காதீர்கள். நெருப்பில் காட்டாதீர்கள். இடித்துப் பொடிக்காதீர்கள். 'சுட்டால் மயிர் வாசனை வரும்', 'நாக்கில் வைத்தால் ஒட்டும்' என்று யார் சொன்னாலும் வேண்டாம். அதைவிடத் தெளிவாகச் சொல்லும் சோதனைகள் இருக்கின்றன.

## தொடும் முன்

இருந்த இடத்திலேயே ஒரு ரூபாய்க் காசைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எதோடு சேர்ந்து இருந்தது என்று குறியுங்கள். வசம்பு, ஜாதிக்காயோடு கிடந்தால் அது குழந்தைக்கு உரைக்கும் மருந்தாக இருக்கலாம். குங்குமத்தோடு வெள்ளிச் சிமிழில் இருந்தால் காப்புப் பொருள். சிறு தராசோடு இருந்தால் எடை விதை. பொட்டலக் காகிதத்தைக் கசக்கி எறியாதீர்கள். மருந்துக்கடைக்காரர் பென்சிலில் எழுதிய பெயர் உள்மடிப்பில் இருப்பதுண்டு. அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: ரப்பர் கையுறை, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு, காந்தம், உடைந்த கண்ணாடித் துண்டு, தரை டைல்ஸின் வழவழப்பில்லாத பின்பக்கம், கொஞ்சம் வினிகர், தையல் நூல்.

இவற்றில் தராசுதான் அதிக வேலை செய்யும். நீரில் கரையாத பொருளுக்கு அடர்த்தி பார்க்கும் முறை இது:

1. பொருளை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. பாதி தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள்.
3. பொருளை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் அதன் கன அளவு.
4. முதல் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

பிளாஸ்டிக் 1.1 முதல் 1.4, கொம்பும் நகமும் 1.3 சுற்றி, யானைத் தந்தம் 1.7 முதல் 1.9, எலும்பு 2-ஐ ஒட்டி, கண்ணாடி 2.5, படிகம் 2.65, சங்கும் சுண்ணாம்புக்கல்லும் 2.7, இரும்பு 7.8. மேலே குமிழி ஒட்டியிருந்தாலோ உள்ளே காற்று இருந்தாலோ எண் குறைவாக வரும். நனைத்து, விரலால் தடவிவிட்டு, மறுபடி பாருங்கள்.

## அறிகுறி 1: சுவரிலோ மரத்திலோ துணியிலோ ஒட்டியிருக்கிறது

இங்கே செலவே இல்லை. வெள்ளையாக, உருண்டையாக, ஒரு செ.மீ. அளவில், இரண்டு சேர்ந்து ஒட்டியிருந்தால் பல்லி முட்டை. பழையது என்றால் உள்ளே வெறும் ஓடு, தொட்டாலே நொறுங்கும்.

பழுப்பு நிறத்தில், அவரை விதை போல, ஒரு விளிம்பு மட்டும் ரம்பப் பல்லாக இருந்தால் கரப்பான் முட்டைப்பை. விளிம்பு வாய் பிளந்திருந்தால் குஞ்சுகள் போய்விட்டன. மூடியிருந்தால் கொதிநீரில் போட்டு எறியுங்கள்.

சாம்பல் நிறத்தில், தட்டையாக, வெள்ளரி விதையைக் காட்டிலும் சற்றுப் பெரிதாக, இரண்டு முனையும் திறந்த பை சுவரில் தொங்கினால் அது ஓர் அந்துப்பூச்சிப் புழுவின் கூடு. ஒட்டடையும் முடியும் உள்ள இடத்தில் வரும். ஒட்டடை அடித்தால் தீர்ந்தது. காய்ந்த மண் உருண்டையாக, உள்ளே அறை அறையாகச் செத்த சிலந்தியோ புழுவோ இருந்தால் குளவிக் கூடு.

## அறிகுறி 2: கொட்டை மாதிரி, விதை மாதிரி இருக்கிறது

### சிவப்பாக இருந்தால்

சிவப்பில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தால் குன்றிமணி. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைத்த மிச்சமாக இருக்கும், அல்லது பொற்கொல்லர் எடை. பொட்டே இல்லாமல் முழுச் சிவப்பாக, தட்டையாக, லேசாக இதய வடிவில் இருந்தால் மஞ்சாடி, சிலர் ஆனைக்குன்றிமணி என்பார்கள். சந்தேகம் இருந்தால் எடை போடுங்கள். ஒரு கிராமுக்குக் குன்றிமணி சுமார் 8 நிற்கும், மஞ்சாடி சுமார் 4.

குன்றிமணியின் ஓடு உடையாதவரை கையில் எடுப்பதில் பயமில்லை. மென்றாலோ துளையிட்டாலோதான் வினை. நன்றாக மென்ற ஒரு விதையே உயிரை எடுக்கும் அளவுக்கு விஷம் உள்ளே இருக்கிறது. கோத்த மாலையும் வளையலும் துளையிட்டவைதான், குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. குழந்தை மென்றிருந்தால், அறிகுறி தெரியவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். இந்த விஷம் பல மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும். விதையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

### சாம்பல் நிறக் கோலிக்குண்டு மாதிரி இருந்தால்

1.5 முதல் 2 செ.மீ. வரை, பளபளப்பாக, லென்ஸில் பார்த்தால் மெல்லிய வளையக் கீறல்களோடு இருந்தால் கழற்சிக்காய். குலுக்கினால் பழையதில் பருப்பு ஆடும் சத்தம் கேட்கும். கல்லோ என்று தோன்றினால் தண்ணீரில் போடுங்கள். காய்ந்த கழற்சி பெரும்பாலும் மிதக்கும், கல் மிதக்காது. சித்த மருந்துக்கும் விளையாட்டுக்கும் வைத்திருப்பார்கள். பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

### தட்டையாக, சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தால்

இந்த இடத்தில்தான் நிதானம் தேவை. தேற்றாங்கொட்டையும் எட்டிக்கொட்டையும் ஒரே குடும்பம், தூரத்துப் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்று கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உள்சுவரில் தேய்ப்பது. மற்றது கொல்லும் விஷம்.

முதலில் அளவு. தேற்றான் ஒரு செ.மீ. சுற்றி இருக்கும், அகலத்துக்கு ஏற்ற தடிமனும் உண்டு, உருண்டையை லேசாக அமுக்கியது போல. எட்டி 2 செ.மீ.க்கு மேல், சில 2.5 வரை போகும். தடிமன் 4 முதல் 6 மி.மீ.தான். அடுத்து மேற்பரப்பு. கொட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். எட்டி பட்டுத்துணி போல மின்னும். லென்ஸை வைத்தால் நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு வரை நெருக்கமாகப் படிந்த நுண்ணிய மயிர் எல்லாப் பக்கமும் விரிந்து போவது தெரியும். ஒரு பக்கம் லேசாகக் குழிந்து, நடுவில் தொப்புள் போல் ஒரு மேடு நிற்கும். தேற்றானில் இந்தப் பட்டு மினுக்கு இவ்வளவு எடுப்பாக இராது. நிறமும் மங்கிய மஞ்சள்.

அளவு, மேற்பரப்பு, நிறம் மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் எட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'உரைத்துக் கலங்கல் நீரில் விட்டுப் பார்ப்போம், தெளிந்தால் தேற்றான்' என்ற சோதனை வேண்டவே வேண்டாம். அந்தத் தண்ணீரை யாராவது குடித்துவிடக் கூடும். எட்டி ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் போனால் கால் மணி, அரை மணி நேரத்துக்குள் வலிப்பு போல உடல் விறைக்கும். 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸின் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம், அதுவே வலிப்பைத் தூண்டிவிடும்.

### கறுப்பாக, இதய வடிவில் இருந்தால்

சேங்கொட்டை. 2 செ.மீ.க்கு மேல், வழவழப்பாக, ஒரு பக்கம் அழுத்திவிட்டது போல இருக்கும். துணிவெளுப்பவர்கள் துணியில் குறி போட்டது இதன் பாலால்தான். எத்தனை ஆண்டு பழசானாலும் ஓட்டுக்குள் எண்ணெய் உயிரோடு இருக்கும். தோலில் பட்டால் கொப்புளமும் புண்ணும் வரும், எரித்தால் புகையும் அதே வேலையைச் செய்யும். வெறும் கையால் எடுத்துவிட்டிருந்தால் கண்ணைத் தொடும் முன் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கொப்புளம் முகத்தில் வந்தாலோ பரவினாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள்.

### கரடுமுரடாக, சிறு ஓட்டையோடு இருந்தால்

சுண்டைக்காய் அளவு முதல் 2 செ.மீ. வரை, மேலே முண்டு முண்டாக, ஊசித்துளை போல ஒரு சுத்தமான வட்ட ஓட்டை இருந்தால் மாசிக்காய். பெயரில் காய் இருந்தாலும் இது காய் அல்ல. ஒரு வகை ஓக் மரத்தில் குளவி முட்டையிட்ட இடத்தில் மரம் வளர்த்த முடிச்சு. ஓட்டை, குளவி வெளியேறிய வழி. பூச்சி அரித்தது என்று எறிந்துவிடுகிறார்கள்; அந்த ஓட்டைதான் அடையாளமே. நீளவாட்டில் ஐந்து முகடு ஓடி, மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தால் அது கடுக்காய்.

### 4 செ.மீ. அல்லது அதைவிடப் பெரிதாக இருந்தால்

4, 5 செ.மீ. அகலத்தில், தட்டையாக, செம்பழுப்பாக, தேய்த்த மரம் போல மின்னினால் ஆனைத்தெள்ளு. மலைக்காட்டுக் கொடி, காய் ஒரு மீட்டர் நீளத்துக்கும் தொங்கும். கறுப்பு ஓடு பாத்திரமாக வெட்டப்பட்டிருந்தால் அடிப்பக்கம் பாருங்கள். ஒரே உருண்டை என்றால் திருவோட்டுக்காய். இரண்டு புடைப்பு ஒட்டிப் பிறந்தது போல இருந்தால் செஷல்ஸ் தீவுகளின் கடல் தேங்காய், அதற்கு மதிப்பு அதிகம். கழுவி எண்ணெய் தடவ வேண்டாம், அப்படியே வைத்திருங்கள்.

### ருத்ராட்சமா என்ற சந்தேகம் இருந்தால்

தண்ணீரில் மூழ்கும், இரண்டு செப்புக் காசுக்கு நடுவே சுற்றும் என்ற இரண்டுமே சோதனை ஆகாது. காய்ந்த அசல் மணி மிதக்கும், இரும்பு திணித்த போலி மூழ்கும். லென்ஸில் முகக்கோடுகளைப் பாருங்கள். அசலில் கோடு ஒரு துருவத்திலிருந்து மறு துருவம் வரை இடைவிடாமல் இயல்பான ஏற்ற இறக்கத்தோடு ஓடும். செதுக்கிய கோடு ஒரே ஆழத்தில், கூரான விளிம்போடு, பாதியில் நிற்கும். சுற்றிலும் ஒரு மெல்லிய அச்சுக் கோடு ஓடினால் பிளாஸ்டிக். ஐந்து முகம்தான் மிகச் சாதாரணம். முகம் கூடியது, குறைந்தது என்று விலை பேசும் நிலை வந்தால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வெளியே எத்தனை கோடோ உள்ளே அத்தனை அறை தெரிய வேண்டும்.

எப்போது ஆளைக் கேட்பது: விதை என்ற அளவில் தெரிந்து பெயர் மட்டும் தெரியாவிட்டால் பழைய நாட்டு மருந்துக் கடையில் காட்டுங்கள். இரண்டு கடையில் இரண்டு பெயர் வந்தால் பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறை, அல்லது கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம். 'இதை நானே வாங்கிக்கொள்கிறேன்' என்பவரின் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

## அறிகுறி 3: வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி, கடல் வாடையுள்ள பொருள்

படகு வடிவில், நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்து, தண்ணீரில் மிதந்தால் கடல் நுரை. நுரை அல்ல, கணவாய் மீனின் உள்ஓடு. மருந்துக்கடைப் பெயர் அது.

ஒரு பக்கம் தட்டையாகச் சுருள்கோட்டோடு, மறுபக்கம் குவிந்து வழவழப்பாக இருந்தால் கடல் நத்தையின் வாய்மூடி. இதைக் கண்மணிக் கல், ராசிக்கல் என்று விற்பதுண்டு. ஒரு சொட்டு வினிகரைத் தட்டைப் பக்கத்தில் விட்டு லென்ஸில் பாருங்கள். குமிழி வந்தால் சுண்ணாம்பு, ராசிக்கல் அல்ல.

கிளை கிளையாகவோ மூளை மடிப்பு போலவோ துளைகள் நிறைந்திருந்தால் பவளப்பாறைத் துண்டு. ராமேஸ்வரம் போய்வந்த குடும்பங்களில் ஷோகேஸில் நிற்கும். 2001 முதல் பாறைப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. விற்கவோ புதிதாக வாங்கவோ கூடாது.

### வலம்புரிச் சங்கா?

இந்தக் கேள்வியில்தான் பணம் அதிகம் போகிறது. வரிசையாகச் செய்யுங்கள்.

சுருள் கூம்பு மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் திறந்தால் சாதாரண இடம்புரி, அத்தோடு முடிந்தது. இடப்பக்கம் திறந்தால் அடுத்த படிக்குப் போங்கள். பூஜையில் வால்முனையை மேலே வைத்துப் பிடிப்பதால் அங்கே பக்கம் மாறித் தெரியும். குழப்பம் வராமல் கூம்பை மேலே வைத்தே பாருங்கள்.

வாய்க்குள் டார்ச் அடித்து, நடுத்தண்டுப் பக்கச் சுவரைப் பாருங்கள். அல்லது சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள். நம் மன்னார் வளைகுடாச் சங்கு என்றால் அந்தச் சுவரில் மூன்று அல்லது நான்கு மடிப்பு முகடுகள் விரலில் தெளிவாகத் தட்டும். முகடே இல்லாமல் வழவழவென்று போனால் அது அமெரிக்கக் கடலில், மெக்சிகோ வளைகுடாப் பக்கம் கிடைக்கும் வேறு ஒரு சங்கினம். அந்த இனத்துக்கு இடப்பக்க வாய்தான் இயல்பு, அரிது ஒன்றும் இல்லை. மேல்தோலைச் சுரண்டி வெள்ளையாக மெருகிட்டு வலம்புரி என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். தோள்பட்டையில் வரிசையாக முண்டுகள் இருந்த தடம், மெல்லிய சுவர், நீண்ட வால் ஆகியவையும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

முகடும் இருந்து வாயும் இடப்பக்கம் என்றால் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே டார்ச் வைத்து இருட்டில் பார்த்தால் ஒட்டிய இடம் வேறு நிறமாகத் தெரியும். அடர்த்தி 2.7-க்கு நன்றாகக் கீழே போனால், சிக்கிய காற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிசின் வார்ப்பு என்று சந்தேகப்படுங்கள். காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறது என்பது எந்தச் சங்குக்கும் பொது. அரிசியில் வைத்தால் நகரும் என்பது பொய். இத்தனையும் தாண்டி நின்றால், விற்பவரோ வாங்குபவரோ அல்லாத ஒருவர் பார்க்க வேண்டும்: மண்டபம் அல்லது தூத்துக்குடியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், அல்லது சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மையம்.

## அறிகுறி 4: கல் மாதிரி, ஆனால் சாதாரணக் கல் இல்லை

### காந்தம் ஒட்டினால்

காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கல்லை அருகே கொண்டுபோங்கள், லேசான இழுப்பும் தெரியும். கல்லின் உடைந்த முகத்தில் குமிழி ஓட்டைகள் இருந்தால் இரும்புக் கிட்டம், அதாவது உலைக்கழிவு. மண்டூரம் என்று மருந்துக்கும் வாங்குவார்கள். ஓட்டை இல்லையென்றால் டைல்ஸின் பின்பக்கத்தில் அழுத்திக் கோடு இழுங்கள். செம்பழுப்புக் கோடு, கறுப்புக் கோடு இரண்டுமே இரும்புத் தாதுதான். கோடே விழவில்லை, காந்தம் இழுக்கிறது, அடர்த்தி 3.3-க்கு மேல், வெளியே மெல்லிய கரிய தோல், உள்ளே வெளிர்நிறம், ஓட்டை கிடையாது என்று எல்லாம் ஒன்றுசேர்ந்தால் மட்டும் விண்கல்லாக இருக்கலாம். மேற்கொண்டு அறுக்காமல், உரசாமல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

### சுருள் அச்சு இருந்தால்

கருநிறக் கல்லில் விலா எலும்பு போல வரிகளோடு சக்கரம் இருந்தால் சாளக்கிராமம், நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றுக்கல். வெளிர் மஞ்சளாக, வினிகரில் பொங்கும் சுண்ணாம்புக் கல்லில் அதே சுருள் இருந்தால் அரியலூர்ப் பக்கத்துத் தொல்லுயிர்ப் படிவம். இரண்டும் ஒரே வகை உயிரிதான், அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் உயிரி. செதுக்கியதா என்று அறிய வரிகளை உள்சுருள் நோக்கித் தொடருங்கள். அசலில் வரிகள் உள்ளே போகப் போக ஒழுங்காகச் சிறுத்து நெருங்கும். செதுக்கியதில் நடுவில் குழம்பி நின்றுவிடும். அரியலூர்ப் படிவம் என்று தெரிந்தால் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் கேட்கலாம்.

### மரம் மாதிரி இருந்து கல்லாகக் கனத்தால்

கல்மரம். கண்ணாடியில் கீறினால் கோடு விழும், வினிகரில் பொங்காது, ஈரப்படுத்தினால் மரவரி எடுப்பாகத் தெரியும். திருவக்கரையிலும் சாத்தனூரிலும் தேசியக் கல்மரப் பூங்காக்கள் உள்ளன. அங்கிருந்து துண்டு எடுப்பது குற்றம். யாரோ கொண்டுவந்து வைத்த துண்டு என்று தெரிந்தால் விற்பனைக்குப் போடாதீர்கள், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

### கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால்

ஒரு மூலையை ஈர விரலால் தேயுங்கள். வழுக்கினாலோ கரைந்தாலோ படிகாரம். கரையவில்லை என்றால் கண்ணாடித் துண்டில் கீறுங்கள். படிகம் கீறும். உள்ளே உருண்டைக் குமிழி தெரிந்தால் கண்ணாடி.

## அறிகுறி 5: நிறக் கட்டி, படிகத் துகள், பொட்டலத்தில் பொடி

கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நீலக் கட்டியைத் தவிர மற்றதை இங்கே கண்ணாலும் கைக்கனத்தாலும் மட்டும் பார்க்கவேண்டும்.

மஞ்சள்: லேசாக, எளிதில் நொறுங்கும், தீப்பெட்டி வாடை வந்தால் கெந்தகம். கனமாக, ஏடு ஏடாகப் பிரிந்து பொன் போல மினுங்கினால் அரிதாரம், ஆர்சனிக் சேர்ந்த பாஷாணம்.

சிவப்பு: கனமே இல்லாமல் விரலில் மண்போல ஒட்டினால் காவிக்கல். சின்னக் கட்டியே கையை இழுக்கும் கனமாக இருந்தால் லிங்கம், பாதரசம் சேர்ந்தது. ஆரஞ்சு கலந்த சிவப்பு மனோசிலை, அதுவும் ஆர்சனிக்.

நீலம்: கண்ணாடித் தன்மையோடு பளிச்சென்ற நீலம் துருசு, மயில்துத்தம் என்பதும் அதுவே. ஒரு துகளைத் தண்ணீரில் கரைத்து ஆணியைப் போட்டால் சில நிமிடத்தில் ஆணி செம்பு பூசிக்கொள்ளும். கரையாமல் மங்கிய கருநீலக் கட்டியாக இருந்தால் அவுரி நீலம்.

வெள்ளை: பெரிய தெளிந்த கட்டி என்றால் படிகாரம். பொடியோ சின்னக் கட்டியோ என்றால் வெங்காரம், நவச்சாரம், வெடியுப்பு, பாதரச உப்புகளான பூரம், வீரம், ஆர்சனிக் சேர்ந்த வெள்ளைப் பாஷாணம் எதுவாகவும் இருக்கலாம். வீட்டுச் சோதனையால் பிரிக்க முடியாது. முயலவும் கூடாது.

அரிதாரம், லிங்கம், மனோசிலை, பெயர் தெரியாத வெள்ளை ஆகியவை என்று பட்டால் கண்ணாடிப் புட்டியில் இறுக்கி மூடி, 'விஷம்' என்று எழுதி, எட்டாத இடத்தில் வையுங்கள். சிங்க்கில் கொட்டாதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள். அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையையோ கல்லூரி வேதியியல் துறையையோ கேட்டு அவர்கள் சொல்லும் வழியில் ஒப்படையுங்கள்.

## அறிகுறி 6: பிசின் மாதிரி, மெழுகு மாதிரி கட்டி

கறுப்பாக, உடைந்த இடம் கண்ணாடி போல மின்னி, தண்ணீரில் போட்டால் பழுப்பாகக் கரைந்தால் கரியபோளம், அதாவது கற்றாழைப் பால் காய்ந்தது. அடிபட்ட வீக்கத்துக்குப் பற்றுப் போடுவார்கள். பால்குடி மறக்கவைக்கவும் தடவுவார்கள். கரையாமல், செம்பழுப்பாக, தகடாக இருந்தால் அரக்கு. வெளிர் மஞ்சளாகத் துண்டு துண்டாக இருந்தால் குங்கிலியம் அல்லது சாம்பிராணி.

மஞ்சள் கலந்த செம்பழுப்பில், லேசான உருண்டையாக, உடைந்த இடத்தில் வெங்காயம் போல அடுக்குத் தெரிந்தால் கோரோசனை, மாட்டின் பித்தப்பைக் கல். சிறு துகளை நனைத்து வெள்ளைத் தாளில் தேய்த்தால் மஞ்சள் கறை பிடிக்கும். ஆனால் மஞ்சள்பொடி கலந்த போலியும் கறை பிடிக்கும், அதனால் அடுக்குதான் முக்கியம்.

சாம்பல் நிற மெழுகுக் கட்டி, கடற்கரையில் கிடைத்தது, உள்ளே கணவாய் அலகு போன்ற கறுப்புத் துணுக்கு என்றால் அம்பர்கிரீஸ், மீன் அம்பர் என்ற சந்தேகம் வரும். கப்பல் மெழுகும் கெட்டியான கொழுப்பும்தான் அதிகம் ஒதுங்குகின்றன. ஆனாலும் சூடாக்கிய ஊசியால் குத்தி உறுதிசெய்து விலை விசாரிக்காதீர்கள். எண்ணெய்த் திமிங்கலம் முதல் அட்டவணை உயிரினம். அதிலிருந்து வந்த பொருளை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

## அறிகுறி 7: நகம், கொம்பு, பல், முள், செதில் மாதிரி

மரம் போலக் கறுத்த காய், நுனியில் இரண்டு கொக்கி: புலிநகக்காய், காக்காமூக்கு என்றும் பெயர். வெறும் செடிக்காய். பயமே வேண்டாம்.

கறுப்பும் வெள்ளையும் பட்டை போட்ட நீண்ட முள்: முள்ளம்பன்றி முள். சீமந்தத்தில் வகிடு எடுக்க வைத்திருப்பார்கள்.

வெண்ணிறத் துண்டு, தந்தமா என்ற சந்தேகம்: அடர்த்தி 1.4-க்குக் கீழே என்றால் பிளாஸ்டிக். குறுக்குவெட்டு முகத்தை லென்ஸில் பாருங்கள். கறுப்புப் புள்ளிகளும் சிறு கோடுகளும் என்றால் எலும்பு. ஒன்றையொன்று வெட்டிப் போகும் மெல்லிய வளைகோடுகள் வலைபோலத் தெரிந்தால் தந்தம்.

தங்கத்தில் கட்டிய ஒற்றை நகம்: அச்சுக் கோடு இருந்தால் பிளாஸ்டிக். எந்தப் பக்கமும் அரத்தின் கீறலோடு, அடி வரை கெட்டியாக இருந்தால் மாட்டுக் கொம்பில் அறுத்தது. பக்கவாட்டில் தட்டையாகி, அடியில் எலும்பு இருந்த குழியோடு, ஓரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்தால் உண்மையான நகமாக இருக்கலாம்.

விசிறி வடிவப் பழுப்புத் தகடு, நீளவாட்டில் நுண்வரி: எறும்புத்தின்னிச் செதில். மோதிரமாகவும் செய்து போடுவார்கள்.

குங்குமத்தில் புதைத்த, இரண்டு கை கூப்பியது போன்ற 'வேர்': ஹத்தா ஜோடி என்று அதிர்ஷ்டத்துக்காக விற்பது. வேர் என்று சொல்லி விற்றாலும் சந்தையில் பிடிபடுபவை உடும்பின் காய்ந்த ஆணுறுப்புகள். பிளாஸ்டிக் வார்ப்பும் உண்டு. இதை அறியாமல் வாங்கிப் பூஜையில் வைத்த குடும்பங்கள் இருக்கின்றன. உடும்பைக் கொன்றுதான் இது கிடைக்கிறது.

தந்தம், நகம், செதில், உடும்புப் பொருள், மான்கொம்பு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்ற நிலை வந்ததும் சோதனையை நிறுத்துங்கள். புலி, யானை, எறும்புத்தின்னி, உடும்பு எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருபவை. அவற்றின் பொருள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 'தாத்தா காலத்துப் பொருள்' என்பது தன்னளவில் விலக்கு ஆகாது. 2003-இல் வீட்டிலிருப்பதை அறிவிக்க 180 நாள் அவகாசம் தந்தார்கள். அப்போது அறிவித்த தாளோ உரிமைச் சான்றிதழோ பழைய பத்திரக் கட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

இருந்தால் பொருளோடு சேர்த்து வைத்திருங்கள், விற்க முடியாது. இல்லையென்றால் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு 'இது அசலா' என்று கேட்காதீர்கள், நகைக்கடையில் மதிப்புக் கேட்காதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, எங்கே, எப்போது, எந்தப் பெட்டியில் கிடைத்தது என்று தேதி போட்டு எழுதி, மாவட்ட வன அலுவலரிடமோ வனச்சரகரிடமோ நேரில் ஒப்படையுங்கள். அசலா போலியா என்பதை அவர்கள் ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவுசெய்வார்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ரசீது வாங்கி, முதலில் எடுத்த படத்தோடு சேர்த்து வையுங்கள்.